டொரொன்டோ மாநகராட்சி ஆர்டர் வேண்டுமா?

ஸ்கார்பரோவில் ரோல்ஸ், கொத்துரொட்டி போடும் சின்ன கேட்டரிங்காரரும் மாநகராட்சிக்குச் சாப்பாடு சப்ளை செய்யலாம். 2016-இல் வந்த சமூகக் கொள்முதல் கொள்கைப்படி, சிறு கொள்முதலுக்குக் கேட்கும் மூன்று கொட்டேஷன்களில் ஒன்றாவது புதுக்குடியேறிகள், சிறுபான்மையினர் போன்றோர் நடத்தும், சான்று பெற்ற நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

• நீங்கள் இந்தப் பிரிவினராக இருந்து, குறைந்தது 51 சதவீத உரிமையும் நிர்வாகமும் உங்கள் கையில் இருந்தால், சான்றளிக்கும் அமைப்பில் விண்ணப்பியுங்கள். வாய்ச்சொல் செல்லாது.

• மாநகராட்சி பயன்படுத்தும் 'அரிபா' தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். டெண்டர்கள் அங்கே வரும்.

• அடுத்தடுத்த நான்கு காலாண்டு விற்பனை 30,000 டாலரைத் தாண்டினால் எச்எஸ்டி விற்பனை வரிப் பதிவு கட்டாயம்.

• தட்டு, கரண்டி, டெலிவரி எல்லாம் சேர்த்தே விலை எழுதுங்கள். பிறகு கூட்டிக் கேட்க முடியாது.

சான்று இருந்தால் அழைப்பு வரலாம். ஆர்டர் தானாக வராது. விலையும் தரமும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.