முதன்முறை வேட்பாளர் அறிய வேண்டிய கணக்கு

நம் சங்கத் தேர்தலில் நிற்பது வேறு. சட்டமன்றத் தேர்தலில் நிற்பது வேறு. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ சுயேச்சையாக நிற்க விழையும் அங்கத்தினர் முதலில் கணக்கை அறிதல் நலம்.

வயது 25 நிரம்பியிருத்தல் வேண்டும். அத்தொகுதி வாக்காளர் பதின்மர் முன்மொழிய வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்கோ ஒருவர் போதும். டிபாசிட்டுத் தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 5,000. தோற்றவர், செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிடில் அத்தொகை திரும்பாது. அவ்வாக்குகள் 1,20,000 எனக் கொண்டால், 20,000-க்கு மேல் பெற்றாக வேண்டும். முடிவு வெளியான 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும்; தக்க காரணமின்றித் தவறினால் மூன்றாண்டுகள் தகுதியிழக்க நேரும்.

பழையவரை வெல்ல இயலாதா எனில், இயலும். இராயபுரத்தில் 1991 முதல் ஐந்து முறை வென்ற திரு. ஜெயக்குமார், 2021-இல், அதுவரை சட்டமன்ற உறுப்பினராக இருந்திராத திரு. மூர்த்தியிடம் தோற்றார். ஆயினும் அப்புதியவர்க்குப் பின்னே பெருங்கட்சியொன்று நின்றதை நாம் மறத்தலாகாது.

ஆகவே, துறைமுகத் தொழிலாளியோ மீனவரோ தனித்து நிற்க எண்ணினால், வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்குமுன், தமக்காக வெயிலில் வீடுவீடாக நடப்பவர் எத்தனை பேர் என எண்ணிப் பார்க்கட்டும். பதின்மர் கையெழுத்து ஒரு மாலையில் கிடைக்கும். இருபதினாயிரம் வாக்குகள் பல்லாண்டு பழகியே கிடைக்கும்.