பெட்டி குளிர்விக்காது

அன்புள்ள மாப்பிள்ளை,

சுண்ணாம்புக்குளத்திலேயே தங்கி, ஏரி இறாலும் நண்டும் வாங்கிச் சென்னைக்கு அனுப்பப் போவதாக எழுதியிருந்தாய். கேட்டு மனசு நிறைந்தது. தெர்மாகோல் பெட்டி எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி எதையும் குளிர்விக்காது; உள்ளே வைத்தது எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதைப் போர்வை மாதிரி காத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வெயிலில் கிடந்த இறாலை அடைத்தால் சூட்டையும் சேர்த்து அடைத்ததாக ஆகும். வலையிலிருந்து உதறி, கரை சேர்த்து, எடை போட்டு, விலை பேசி முடிப்பதற்குள் சரக்கு கெடத் தொடங்கிவிடுகிறது. பழி மட்டும் லாரிக்காரர் மேல் விழுகிறது. அதனால் உன் வேலை படகிலேயே தொடங்க வேண்டும்.

முதலில் இறாலைச் சொல்கிறேன். அதன் செரிமானச் சுரப்பி தலைக்குள் இருக்கிறது. உயிர் போனதும் அங்கிருக்கும் நொதிகள் சொந்தச் சதையையே கரைக்கத் தொடங்கும். தலை தளர்ந்து தொங்கும். வேறொரு நொதி காற்றுப் பட்டு ஓட்டுக்கடியில் கருப்பு ஏற்றும். குளிர் பட்டால் இரண்டும் மந்தமாகிவிடும். ஆகவே துள்ளும்போதே ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டியில் போட்டுவிடச் சொல். வெறும் ஐஸ் துண்டு இறாலை அங்கங்கேதான் தொடும். ஐஸ் தண்ணீரோ சுற்றிலும் தொட்டுச் சீக்கிரம் குளிர்விக்கும்.

எவ்வளவு ஐஸ் என்பதை நீயே கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரி சூட்டை இழுத்துக்கொள்ளும். 30 டிகிரியில் இருக்கும் 10 கிலோ இறாலைப் பூஜ்யத்துக்கு இறக்க ஏறத்தாழ 255 கிலோகலோரியை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கே மூன்றே கால் கிலோ ஐஸ் போய்விடும். பெட்டிச் சுவர் வழியாகவும், மூடியைத் திறக்கும்போதும் நுழையும் சூட்டுக்குத் தனியாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு, சரக்கின் எடைக்குச் சரி எடை ஐஸ் என்று சொல்வது இதனால்தான். பாதி ஐஸில் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

இறால் குளிர்ந்ததும் தொட்டியிலிருந்து எடுத்துப் பெட்டிக்கு மாற்று. ஐஸைப் பொடியாக உடைத்து, பெட்டியின் அடியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே இறால், அதற்கு மேல் ஐஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கு. உச்சியிலும் ஐஸ்தான் இருக்க வேண்டும். லோடு வண்டியில் போகும் பெட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கட்டும். உருகும் தண்ணீர் மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு ஓடிவிட வேண்டும். தேங்கினால் இறால் அதில் ஊறி நிறமும் ருசியும் போய்விடும்.

கருப்பு ஏறாமலிருக்க சல்பைட் பொடியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதற்கு வரம்பு உண்டு: பச்சை இறாலில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தங்கக் கூடாது. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு அது மூச்சை அடைக்கும். அழுகலையும் அது நிறுத்தாது, கருப்பை மட்டும்தான் மறைக்கும். ஃபார்மலின் பேச்சை எடுப்பவரைப் படியேற விடாதே.

உடைக்கும் வரை ஐஸ் பார் முழுசாகவே இருக்கட்டும். மரத்தூளிலோ உமியிலோ புதைத்து வை. 1833-ல் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு, நான்கு மாதம் கடலில் கிடந்து கல்கத்தா வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 100 டன் மிச்சமிருந்தது. அது நீராவிக் கப்பலும் இல்லை, அதில் குளிர்சாதனமும் இல்லை. பெரிய பெரிய கட்டிகளாக நெருக்கி அடுக்கிச் சுற்றிலும் காப்புப் போட்டிருந்தார்கள். சென்னைக் கடற்கரையில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அந்தக் கப்பலில் ஐஸ் அனுப்பிய வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஐஸைச் சேர்த்துவைக்க 1842-ல் கட்டியதுதான்.

இனி நண்டு. இறாலுக்குச் சொன்னதை இங்கே அப்படியே செய்தால் முதலுக்கே மோசம். சேற்று நண்டை உயிரோடு கொண்டு சேர்த்தால்தான் காசு. செத்த நண்டு வெகு சீக்கிரம் கெட்டுவிடும். அதை விற்கவும் கூடாது. அதன் செவுள் ஈரமாக இருக்கும் வரை காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்ளும், தண்ணீருக்கு வெளியே சில நாள்கூடத் தாங்கும். தண்ணீர் தேங்கிய பெட்டியில் வைத்தாலோ, அதிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே கொடுக்குகளையும் கால்களையும் கயிற்றால் கட்டி, காற்று போக ஓட்டையிட்ட பெட்டியில் முதுகு மேலே இருக்கும்படி நெருக்கமாக அடுக்கி, நனைத்துப் பிழிந்த சாக்கை மேலே போடு. 16 முதல் 20 டிகிரி வரை அதற்குச் சுகம். நேரடியாக ஐஸ் படவே கூடாது. காற்று வேகமாக வீசும் இடத்திலும் வைக்காதே, செவுள் காய்ந்துவிடும்.

அடுக்கும் முன் ஒவ்வொன்றையும் திருப்பி, அடிப்பக்க ஓட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார். அமுங்கினால் அது ஓடு உரித்து இன்னும் இறுகாத நண்டு. வழியில் முதலில் சாவது அதுதான், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஒதுக்கிவிடு. முட்டை சுமந்த பெட்டையை ஏரியிலேயே விட்டுவிடு.

குளிர் கூடினாலும் கெடும் என்பதை உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் கேள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; ஹெபடைடிஸ் பி ஊசி மருந்து உறைந்தால் வீரியம் போய்விடும். அதனால் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் பெட்டியில் வைக்க மாட்டார்கள். வெளியே வைத்திருந்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற பதம் வந்த பிறகே வைப்பார்கள். நண்டுப் பெட்டியில் ஜெல் பேக் வைக்கும்போது நீயும் அப்படியே செய்து, காகிதத்தில் சுற்றி ஓரத்தில் வை.

சிங்கப்பூருக்கு விமானத்தில் அனுப்பும் யோசனை இப்போதைக்கு வேண்டாம். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் ஒழுகினாலும் அது விமானத்தின் உலோகத்தை அரிக்கும்; அதனால் விதிகள் கடுமை. ஒழுகாது என்று உலர் பனிக்கட்டியை நாடவும் வேண்டாம்; அது மைனஸ் 78 டிகிரி. கரியமில வாயுவாக ஆவியாகும். காற்றுப் புகாத பெட்டியில் அடைத்தால் வெடிக்கும், நண்டோடு வைத்தால் நண்டு போய்விடும்.

பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். சென்னையில் பெட்டியைப் பிரிப்பவரிடம் அதைக் கொடுத்து, நடுவிலிருக்கும் இறாலில் செருகிப் பார்க்கச் சொல். எத்தனை டிகிரி காட்டியது என்று அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா