இரண்டாம் மாதச் சண்டை

புதுக் கடை திறக்கும் எமது வியாபாரிகள் பலர் முதல் மாதத்தில், "பொடியன்மார் தங்கமானவர்கள்" என்பார்கள். மூன்றாம் மாதம் விசாரித்தால், "எல்லோரையும் மாற்ற வேண்டும்" என்பார்கள். இடையில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் நல்ல வேலையாட்களை இழக்காமல் இருக்கலாம்.

புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிறு குழுக்கள் பற்றிய ஐம்பது ஆய்வுகளைப் படித்துப் பார்த்து, ஒரு குழு நான்கு படிகளைக் கடக்கிறது என்றார். கூடுதல், மோதல், ஒழுங்குக்கு வருதல், செயற்படல் என்பன அவை. 1977இல் மேரி ஆன் ஜென்சனுடன் இணைந்து, பிரிதல் என்ற ஐந்தாவதையும் சேர்த்தார். அவர் பார்த்தவற்றில் பல, மனநலச் சிகிச்சைக்காகக் கூடிய குழுக்கள். ஆகவே கடைக்கு அதை வைத்து நாள்கணக்குப் போட முடியாது. ஆனாலும் போக்கு ஒன்றுதான்.

ஒரு புதிய புடவைக் கடையில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எல்லோரும் மரியாதையாக இருப்பார்கள். எதற்கும் முதலாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். அதை ஒற்றுமை என்று எண்ண வேண்டாம், இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். பிறகுதான் தொடங்கும். வாடிக்கையாளரை யார் கவனிப்பது, விரித்துக் காட்டிய துணியை யார் மடிப்பது, இவர் யார் எனக்கு வேலை சொல்ல?

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதுவும் பெரும்பாலும் வாய்திறந்து பேசியவரை. களவெடுத்தவனை அனுப்புங்கள், அது வேறு கதை. "லாச்சிக்குள் இரண்டு பேர் கைவைத்தால் கணக்கு எப்படிச் சரிவரும்?" என்று கேட்பவன் உங்கள் நட்டத்தையல்லவா தடுக்கிறான்! அவனை அனுப்பினால் மற்ற நால்வரும் இனி எதையும் சொல்ல மாட்டார்கள். புதிதாக வருபவனோடு எல்லாம் மறுபடி முதற்படியிலிருந்து தொடங்கும். அடிக்கடி ஆள் மாற்றும் கடைகளில் சண்டை ஓயாததற்கு இதுவும் ஒரு காரணம்.

என் கடையில் பிணக்கு வந்தால், யார் பிழை என்று முதலில் கேட்பதில்லை. எந்த வேலை யாருடையது என்று அவர்களையே பேசி எழுதச் சொல்லி, லாச்சிக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். நான் போடும் சட்டம் நான் கடையில் நிற்கும்வரைதான். அவர்கள் போட்டது நான் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன நாளிலும் நிற்கும். அப்படி ஒரு நாள் கடை ஒழுங்காக ஓடிவிட்டால், பிறகு சும்மா சும்மா தலையிடக் கூடாது. லாச்சியை விட்டு எழும்ப மனம் வராத முதலாளிமாருக்கு இது கஷ்டம்தான்.

நோன்புப் பெருநாள் வியாபாரத்துக்குத் தற்காலிகமாக இருவரைச் சேர்த்தாலும் கடை கொஞ்சம் பின்னுக்குப் போகும். ஆகவே கூட்டம் பெருகுமுன் அவர்களை எடுத்து, பழைய ஆள் ஒருவரோடு பழக விடுங்கள். பெருநாள் முடிந்து அவர்கள் போகும்போது சம்பளத்தை இழுத்தடிக்க வேண்டாம். நிரந்தரமாக நிற்பவர்கள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். கணக்கு முடிக்கும் நாளையும் தொகையையும் சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.