நாடக மேடையும் ஒலியமைப்பும்

நுழையும்முன்

நாடகம் 'காண' வருமாறு அழைக்கிறோம். ஆயினும் அதன் பெரும்பகுதி செவிவழியே நம்மை வந்தடைகிறது. அவ்வொலியை நெறிப்படுத்துவோரின் பணியை விளக்குகிறது இப்பாடம்.

அரியலூர் மாவட்டம் தா.பழூர் போன்ற ஊர்களில் திருவிழா இரவில் அரிச்சந்திர நாடகம் தொடங்கினால் விடியும்வரை நிகழும். மயான காண்டத்தில், மகனை இழந்த சந்திரமதி புலம்பும் இடமே அந்நாடகத்தின் உயிர். அவ்வேளையில் ஒலிபெருக்கி ஊளையிட்டால் கூடியிருப்போர் சிரித்துவிடுவர். திரைப்படத்தில் இத்தகைய பிழையைத் திருத்திக்கொள்ளலாம். மேடையில் அதற்கு வழியில்லை.

மேடையில் ஒலியின் ஒழுங்கு குறித்த சிந்தனை தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல் என அளவு கூறுவதோடு, குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், அதன்வழி முழவும் இயைந்து ஒலித்த முறையையும் உரைக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) காலத்து நடிகர்க்குத் தொண்டையே ஒலிபெருக்கி. எஸ்.ஜி. கிட்டப்பா (1906-1933) உச்ச சுருதியில் பாடிப் புகழ்பெற்றதற்குக் குரல்வளத்தோடு, கடைசி வரிசையை எட்டவேண்டிய தேவையும் காரணமெனலாம். தெருக்கூத்தில் ஒலிக்கும் முகவீணையின் கூர்மையும் திறந்தவெளிக்கு ஏற்றதே.

ஊளை எவ்வாறு எழுகிறது? ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து, பெருகி, மறுபடியும் வெளிவருகிறது, இச்சுழற்சியே ஊளை. ஆகவே ஒலிபெருக்கிப் பெட்டிகளை ஒலிவாங்கிகளுக்கு முன்னே, கூட்டத்தை நோக்கி வைப்பர். ஊளையிடும் சுருதியை மட்டும் பிரித்துக் குறைப்பதும் உண்டு. ஒலியைக் கூட்டிக்கொண்டே போவதைத் திறமையெனக் கருதும் வழக்கம் நம்மிடையே உள்ளது. நாடகத்திற்கு அது பகை. ஊரார் 'மைக்செட்காரர்' என்றழைக்கும் கலைஞர், நடிகர் பேசத் தொடங்குமுன் அவருக்குரிய ஒலிவாங்கியைத் திறந்து, முடித்ததும் மூடவேண்டும். எனவே நாடகத்தின் உரையாடல் அவருக்கும் மனப்பாடமாக வேண்டும்.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 34 மீட்டர் தொலைவில் மற்றொரு பெட்டியை வைத்தால், கம்பிவழியே வந்த சொல் அதில் உடனே ஒலிக்கும். மேடையிலிருந்து வரும் ஒலியோ பத்தில் ஒரு நொடி பிந்தும். ஒரே சொல் இருமுறை கேட்டுப் பொருள் குழம்பும். இன்றைய எண்மக் கலவைக் கருவியால் தொலைவிலுள்ள பெட்டியின் ஒலியை அதே அளவு தாமதப்படுத்த இயலும். மேலும் சில மில்லிநொடிகள் தாமதித்தால் வியப்பான விளைவு ஒன்று நிகழும். முதலில் வந்தடையும் ஒலியின் திசையையே செவி ஏற்பதால், அருகிலுள்ள பெட்டி உரக்க ஒலித்தாலும், சொல் மேடையிலிருக்கும் நடிகரிடமிருந்தே வருவதாகத் தோன்றும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்த் திருவிழா நாடகத்தில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்ட இடங்களைப் படமாக வரைந்து, மேடையின் ஒலி கடைசி வரிசையைச் சென்றடைய ஆகும் நேரத்தைக் கணக்கிடுக.