பழைய எஸ்.எம்.பி.எஸ்: ஓடுதேன்னு விட்டுடாதே!

"எட்டு வருஷமா ஓடுதுக்கா, ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்ற ஆளா நீ? அப்ப இப்படி வந்து உட்காரு. கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் பிரிச்சுக் கொடுக்கிற அந்த எஸ்.எம்.பி.எஸ் டப்பா தனியாப் போனா நஷ்டம் கொஞ்சம்தான். சில நேரம் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. மூணு மாசமா தானா ரீஸ்டார்ட் ஆனதை விண்டோஸ் கோளாறுன்னு நினைச்சு, ரெண்டு தடவை ஃபார்மட் அடிச்சேன். ஒருநாள் 'பட்'டுனு ஒரு சத்தம். வீடு கட்டின கணக்கு மொத்தமும் போச்சு.

1. முதல்ல மோந்து பாரு. பின்பக்கம் கருகின வாசனையோ மீன் கவிச்சி மாதிரியோ வந்தா, பிளக்கைப் பிடுங்கு. 'ஆறினதும் போட்டுப் பார்க்கலாம்'கிற வேலையே வேண்டாம்.

2. ஃபேன் சுத்துதா? டார்ச் அடிச்சுப் பாரு. கடகடன்னா பேரிங் தேஞ்சிடுச்சு. சில நல்ல மாடல்கள்ல வேலை குறைவா இருந்தா ஃபேன் தானே நிக்கும். அதனால ஒரு கேம் ஓடவிட்டுப் பார்த்துட்டு அப்புறம் பயப்படு.

3. சும்மா இருக்கும்போது சமத்தா இருந்து, கேமோ வீடியோ எடிட்டிங்கோ ஆரம்பிச்சதும் படுத்துடுதா? சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேலதான். ராம், சூடு இதெல்லாம்கூட காரணமா இருக்கலாம். யோசிச்சு மண்டையை உடைச்சுக்காம, தெரிஞ்சவங்ககிட்ட நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒண்ணு கடன் வாங்கி ஒரு நாள் போட்டுப் பாரு. அதோட கேபிளையும் சேர்த்து வாங்கு! கழட்டி மாட்டுற கேபிள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாய் ஒண்ணா இருக்கேன்னு பழைய கேபிளைச் சொருகினா டிஸ்க் காலி.

4. கேபினெட்டைத் தொட்டா சுர்ருங்குதா? பாவம், பல நேரம் எஸ்.எம்.பி.எஸ் மேல தப்பு இருக்காது. மூணு பின் பிளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகியிருப்பே. உள்ளே இருக்கிற ஃபில்டர் கசியவிடுற துளி கரண்டுக்குப் போக வழி கிடையாது. எர்த் சரியா இருந்தா அந்தச் சுர்ர் வரவே கூடாது. முதல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

5. லேபிளைப் படி. வாட்ஸ் பெருசா போட்டிருப்பான், அதை நம்பாதே. 12 வோல்ட் பக்கத்துல எத்தனை ஆம்ப்னு பார்த்துப் பெருக்கு. 15 ஆம்ப்னா 180 வாட்தான், மேல 450னு எழுதியிருந்தாலும் சரி. அதுல கிராபிக்ஸ் கார்டு மாட்டாதே.

6. வயசு. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்ல திரவம் இருக்கு, சூட்டுல அது காயும். சுமாரா 10 டிகிரி கூடினா ஆயுசு பாதி. தூசி அடைச்ச டப்பா சீக்கிரம் கிழடு தட்டுறது இதனாலதான். என் கணக்கு: வாரண்டி முடிஞ்சதும் கண்ணு வை. கேபினெட்டோட இலவசமா வந்ததுன்னா அஞ்சு வருஷத்துக்கு மேல வேண்டவே வேண்டாம்.

7. மல்டிமீட்டர் இருக்கா? கம்ப்யூட்டர் வேலை செய்யும்போதே, கம்பி முனை ரெண்டும் உரசாமப் பிடிச்சு அள. கறுப்போட சேர்த்து, மஞ்சள் 11.4–12.6, சிவப்பு 4.75–5.25, ஆரஞ்சு 3.14–3.47 வோல்ட் காட்டணும். இதைத் தாண்டினா மாத்து. இதுக்குள்ள இருந்தா மட்டும் பாஸ்னு துள்ளாதே, கரண்ட் நடுங்குறது சாதா மீட்டர்ல தெரியாது. பச்சைக் கம்பியையும் கறுப்பையும் கிளிப்பால சேர்த்து ஃபேனைச் சுத்தவிடுற வித்தை இருக்கே, அது உயிர் இருக்கான்னு மட்டும்தான் சொல்லும்.

செய்யவே கூடாதது ரெண்டு:

• மூடியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல தேங்கி நிக்கலாம். உப்பியிருக்கான்னு பார்க்கணும்னா ஜாலி வழியா டார்ச் அடி.

• பழைய மாடல்ல பின்னாடி இருக்கிற சிவப்பு சுவிட்சை நோண்டாதே. 115க்குத் தள்ளிட்டு நம்ம வீட்டு 230ஐக் கொடுத்தா வெடிதான்.

ரிப்பேர் பண்ணலாமான்னு கேட்காதே, புதுசு வாங்கு. அது வர்ற வரைக்கும் காத்திருக்காம, இன்னைக்கு ராத்திரியே முக்கியமான ஃபைலை எல்லாம் வெளி டிஸ்க்ல காப்பி பண்ணிடு.