பணம் போடும் முன் பொருள் தெரிய வேண்டிய 11 சொற்கள்

நகைக்கடையில் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல் நாம் பில் போடச் சொல்வதில்லை. பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் என்று வந்தால் மட்டும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அங்கேயும் கேட்க வேண்டியவை மூன்றுதான்: பணம் எங்கே போகிறது, இடையில் யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள், எப்போது திரும்பி வரும்? இந்தச் சொற்களின் பொருள் தெரிந்தால் பதிலும் கிடைத்துவிடும்.

1. சென்செக்ஸ், நிஃப்டி: மும்பை பங்குச் சந்தையின் 30 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டுவது சென்செக்ஸ். தேசிய பங்குச் சந்தையின் 50 நிறுவனங்களுக்கு நிஃப்டி. '800 புள்ளிகள் சரிவு' என்று செய்தி வந்தால் உடனே சதவீதமாக மாற்றிப் பாருங்கள். 80,000-ல் 800 என்பது 1 சதவீதம். 4,000-ல் 800 என்றால் 20 சதவீதம்.

2. முக மதிப்பு: '200 சதவீத டிவிடெண்ட்' என்று படித்ததும் மலைத்துவிட வேண்டாம். அந்தச் சதவீதம் பங்கின் முக மதிப்புக்கு. சந்தை விலைக்கு அல்ல. முக மதிப்பு 2 ரூபாய் என்றால் கைக்கு வருவது பங்குக்கு 4 ரூபாய். அந்தப் பங்கை 800 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், போட்ட பணத்துக்குக் கிடைத்தது அரை சதவீதம்.

3. போனஸ் பங்கு: ஒன்றுக்கு ஒன்று போனஸ் என்றால் 100 பங்கு 200 ஆகும். ஆனால் 600 ரூபாயாக இருந்த விலையும் 300 ரூபாய் அளவுக்கு இறங்கும். மொத்த மதிப்பு அதேதான். போனஸ் வருகிறது என்பதற்காக மட்டும் ஒரு பங்கை வாங்காதீர்கள்.

4. என்.ஏ.வி.: மியூச்சுவல் ஃபண்டின் ஒரு யூனிட்டுக்கு அன்றைய மதிப்பு. 10 ரூபாய் யூனிட் மலிவு, 200 ரூபாய் யூனிட் விலை அதிகம் என்று நினைப்பது தவறு. 10,000 ரூபாய்க்கு முதலாவதில் 1,000 யூனிட், இரண்டாவதில் 50 யூனிட் கிடைக்கும். இரண்டும் 10 சதவீதம் வளர்ந்தால் இரண்டிலும் 11,000 ரூபாய்தான். புது ஃபண்டை '10 ரூபாய்தான்' என்று சொல்லி யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

5. செலவு விகிதம்: ஃபண்டை நடத்துவதற்காக ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்து கழிக்கப்படும் சதவீதம். தனியாக பில் வராது, என்.ஏ.வி.யிலேயே கழிந்துவிடும். 2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டுகளிலும் ஏஜென்ட் கமிஷன் இல்லாத 'டைரக்ட்' திட்டம் உண்டு; கமிஷன் சேர்ந்தது 'ரெகுலர்'. மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் எஸ்.ஐ.பி. கட்டினால், ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சியில் சுமார் 99 லட்சம் சேரும். 11 சதவீதம் என்றால் சுமார் 86.5 லட்சம். ஒரு சதவீதத்தின் விலை 12 லட்சத்துக்கும் மேல். நல்ல ஆலோசனைக்குக் கமிஷன் கொடுப்பதில் தவறில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

6. ஐ.டி.சி.டபிள்யூ.: ஃபண்டுகளில் 'டிவிடெண்ட்' என்று இருந்த பெயரை 2021 ஏப்ரலில், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபி இப்படி மாற்றச் செய்தது. காரணம், அதில் வருவது கூடுதல் வருமானம் அல்ல. உங்கள் முதலீட்டின் மதிப்பிலிருந்தே எடுத்துத் தருகிறார்கள். அந்த அளவுக்கு என்.ஏ.வி. குறையும். நீண்ட காலச் சேமிப்புக்கு, லாபம் ஃபண்டிலேயே தங்கும் 'குரோத்' என்று எழுதிக் கொடுங்கள்.

7. கூட்டு வளர்ச்சி விகிதம்: '10 ஆண்டில் 100 சதவீத லாபம்' என்றால் ஆண்டுக்கு 10 சதவீதம் அல்ல, சுமார் 7.2 சதவீதம். ஒரு சுலப வழி: 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால், பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும். 6 சதவீதத்துக்கு 12 ஆண்டு. வரும் விகிதத்திலிருந்து விலைவாசி உயர்வையும் வரியையும் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதே உண்மையான லாபம்.

8. டெபாசிட் காப்பீடு: வங்கி மூழ்கினால், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி வரை இது 1 லட்சமாக இருந்தது. அதே வங்கியின் எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்துத்தான் இந்த வரம்பு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

9. எஃப் அண்ட் ஓ: எதிர்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வணிகம். சிறு தொகையில் பெரும் லாபம் என்று இளைஞர்களை இழுப்பது இதுதான். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வில், மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தது தெரிந்தது. வீட்டுச் செலவுப் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் இதில் போடவே கூடாது.

10. நாமினி: பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை நாமினிக்கு, சொந்தமாக்கும் உரிமை சட்டப்படியான வாரிசுகளுக்கு. பங்கு, ஃபண்ட் விஷயத்தில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. எனவே நாமினி பெயரோடு உயிலும் எழுதிவையுங்கள். எந்த முதலீடு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

11. செபி பதிவு எண்: ஆலோசனை சொல்பவரிடம் முதலில் இதைக் கேட்டு, செபி இணையதளத்தில் சரிபாருங்கள். சந்தையில் உறுதியான லாபம் என்று வாக்குக் கொடுக்க, பதிவு பெற்ற ஆலோசகருக்கு விதி இடம் தருவதில்லை. 'மாதம் 5 சதவீதம்' என்று யாராவது சொன்னால் 72-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள்: பதினைந்தே மாதத்தில் பணம் இரட்டிப்பாக வேண்டும். எந்த நேர்மையான தொழிலும் அப்படி விடாமல் தராது. செபியில் பதிவு பெற்றவர்மீது புகார் என்றால் செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் பதியலாம். தமிழ்நாட்டில் டெபாசிட் வாங்கி ஏமாற்றினால், 1997-ம் ஆண்டின் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவு காவல் துறையிடம் ரசீதுகளோடு உடனே போங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் பணம் மீளும் வாய்ப்பைக் குறைக்கும்.