டாக்டரிடம் மறைக்காதே

அஞ்சுகிராமம்

அன்புள்ள மக்ளே,

மேல்காதிலும் புருவத்திலும் நாக்கிலும் தொப்புளிலும் வளையம் போட்டுக்கொள்வது, தோளிலும் கையிலும் டாட்டூ குத்திக்கொள்வது எல்லாம் உன் வயதுப் பிள்ளைகளிடம் இன்று சாதாரணம். அது சரியா தப்பா என்று வழக்காட இதை எழுதவில்லை. பதினெட்டு வயது தாண்டிவிட்டால் உடம்பும் உன்னுடையது, தீர்மானமும் உன்னுடையது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அதில் ஏதாவது கோளாறு வந்தாலும் சரி, வேறு எந்த நோய்க்காகப் போனாலும் சரி, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் உடம்பில் என்ன செய்திருக்கிறாய், எப்போது, எங்கே, யார் கையால் செய்துகொண்டாய் என்பதை முதலிலேயே சொல்லிவிடு. வளையமும் டாட்டூவும் செய்கிற கேட்டைவிட அவற்றை மறைப்பது செய்கிற கேடு பெரியது என்பதே என் கட்சி.

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே சாட்சி. உன் பூட்டிமார் காலத்தில், இங்கேயும் திருநெல்வேலிச் சீமையிலும், பெண்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே காது குத்தி, துளையில் பஞ்சும் ஓலைச்சுருளும் வைத்துப் பெரிதாக்கி, குணுக்கு என்ற பாரத்தைத் தொங்கவிட்டுக் காது வளர்த்தார்கள். மடல் தோளை நோக்கி இறங்கிய பிறகு, உள்ளே அரக்கும் வெளியே தங்கத் தகடுமாகச் செய்த பாம்படம் ஏறியது. காலம் மாறியபோது வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டவர்களும் உண்டு. விளக்குக்கரியைக் குழைத்து ஊசியால் பச்சை குத்தியதும், அலகு குத்திக் காவடி எடுத்ததும் இதே மண்ணில்தான். அலகு குத்துவது மலேசியாவின் பத்துமலையில் தைப்பூசத்தன்று இன்றும் பல்லாயிரம் பேர் பார்க்க நடக்கிறது. இவை எல்லாமே ஊரறிய நடந்தவை என்பதைக் கவனி. காது புண்ணானால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், வைத்தியருக்கும் பார்த்த உடனே தெரியும். இன்றைய வளையம் வாய்க்குள்ளும் சட்டைக்குள்ளும் இருக்கிறது. உடம்பைக் குத்துவது நமக்குப் பழசு, மறைப்பதுதான் புதுசு.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மேல்காதை எடுத்துக்கொள். கீழ்மடலில் சதையும் ரத்த ஓட்டமும் இருப்பதால் அங்கே புண் வந்தாலும் பெரும்பாலும் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதற்கென்று தனி ரத்தக்குழாய் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் அதற்கு ஊட்டம் வருகிறது. துளை வழியாகக் கிருமி புகுந்து, சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கோத்துவிட்டால் அந்த ஊட்டம் நின்றுபோகும். குருத்தெலும்பு செத்துக் காது சுருங்கிக் கோணிவிடும். அதைப் பழையபடி ஆக்குவது பிளாஸ்டிக் சர்ஜன்களுக்கே சிரமமான வேலை. இந்தப் புண்ணில் அதிகம் காணப்படுவது சூடோமோனாஸ் என்ற கிருமி. மெடிக்கல் ஷாப்பில் ‘காதில் கட்டி’ என்று கேட்டு வாங்குகிற அமாக்சிசிலின் அதன்மேல் பலிக்காது. டாக்டரிடமே போனாலும், வளையத்தைக் கழற்றிவிட்டு ‘ஏதோ பூச்சி கடித்தது’ என்று சொன்னால் அவரும் சாதாரணத் தோல்புண்ணுக்கு உரிய மருந்தை எழுதக்கூடும். ‘மேல்காது குத்தி எட்டு நாளாகுது, நேற்றிலிருந்து சிவந்து வலிக்குது’ என்ற ஒரு வரி, எழுதப்படும் மருந்தையே மாற்றிவிடும். போகிற வழியில் நீயாகவே வளையத்தைக் கழற்றவும் வேண்டாம். துளை மூடிக்கொண்டால் சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். கழற்றலாமா, இருக்கட்டுமா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.

காதுப் புண்ணாவது கண்ணுக்குத் தெரியும். ரத்தத்தின் வழியாக வருவது தெரியாது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கக்கூடியது. சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத ஊசியில் அது காத்திருக்கும். உடம்புக்குள் புகுந்த பிறகு நோய் தெரிய 30 முதல் 180 நாள் ஆகலாம். மூன்று மாதம் முன்னால் திருவிழாக் கடையில் டாட்டூ குத்திய ஒருவர் மஞ்சள் காமாலையோடு போய், முழுக்கைச் சட்டையால் டாட்டூவை மறைத்துக்கொண்டால், குடித்த தண்ணீரைப் பற்றியும் சாப்பிட்ட கடையைப் பற்றியும்தான் டாக்டர் கேட்டுக்கொண்டிருப்பார். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஹெபடைட்டிஸ் சி இன்னும் மோசம். பல வருஷம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஈரலை அரிக்கும். கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மருந்து இலவசம். இவ்வளவும் கையருகே இருந்தும், சந்தேகப்படத் துப்புக் கொடுக்காத நோயாளிக்கு யாரும் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனையை எழுதப்போவதில்லை. நாள் கணக்கும் இங்கே முக்கியம். குத்திய மறுநாளே ரத்தம் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எப்போது பார்க்க வேண்டும் என்பதை டாக்டர் தேதியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

‘நான் போன கடை சுத்தம், ஊசியும் புதுசு, பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்’ என்று நீ கேட்கலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் 2011-லும் 2012-லும் நடந்ததைக் கேள். டாட்டூ குத்திய இடத்தில் தடிப்பும் கொப்புளமுமாக 19 பேருக்கு வந்தது. அவர்கள் எல்லோருக்கும் குத்தியவர் ஒரே ஆள். தேடிப்போனதில், தயாராகக் கலந்தே வந்த சாம்பல்நிற மையிலேயே கிருமி இருந்தது தெரிந்தது. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த அதற்கு வழக்கமான மருந்து போதாது. ஊசியும் கையும் சுத்தமாக இருந்தாலும் மை கெடலாம். யார் குத்தினார், எங்கே குத்தினார் என்பதை நோயாளிகள் சொன்னதால்தான் ஒரு தனிப்பட்ட தோல்நோயாகப் போயிருக்க வேண்டியது பொது எச்சரிக்கையாக மாறியது. ரத்ததான முகாமிலும் இதே கதைதான். டாட்டூவோ துளையோ போட்டு 12 மாதம் ஆகாதவரிடம் ரத்தம் எடுக்கக்கூடாது என்று 2017-ல் வந்த தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. காலேஜ் முகாமில் படிவத்தை நிரப்பும்போது அந்தக் கேள்வியில் ‘இல்லை’ என்று டிக் அடித்தால் அந்தப் பொய் முகம் தெரியாத ஒரு நோயாளியின் உடம்பில் ஏறும். உதவ நினைக்கிற நல்ல மனசுக்காரர்கள்தான் இந்தத் தப்பைச் செய்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

ஸ்கேனிலும் அறுவை சிகிச்சையிலும் விஷயம் வேறு மாதிரி. எம்.ஆர்.ஐ. எடுத்தால் டாட்டூ வெந்துபோகும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. லண்டனில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில் 330 பேரின் 932 டாட்டூக்களைக் கவனித்தார்கள். டாட்டூ காரணமாக உபாதை வந்தது ஒரே ஒருவருக்கு, அதுவும் லேசாக. ஆகவே டாட்டூ இருக்கிறது என்பதற்காக ஸ்கேனைத் தவிர்க்காதே. சொல்லிவிட்டு எடு, எரிந்தால் நிறுத்தச் சொல். உலோக வளையம் அப்படியல்ல. காந்தம் ஈர்க்கிற உலோகமாக இருந்தால் அது இழுபடும், சூடேறும். ஆபரேஷனில் மின்சாரத்தால் ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும்போது உடம்பில் உள்ள வளையத்தின் அடியில் தீப்புண் வரலாம். மயக்கம் கொடுத்துத் தொண்டைக்குள் குழாய் இறக்குகையில் நாக்கில் உள்ள கம்பி கழன்றால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். டாட்டூ மை நெறிகளில் (நிணநீர்க் கணுக்களில்) போய்ப் படிவதும் உண்டு. புற்றுநோய் தேடுகிற டாக்டருக்குக் கறுத்த நெறியைப் பார்த்தால் குழப்பம் வரும். நீயே நினைவில்லாமல் கிடந்தால் சொல்ல வாய் இருக்காது. ரோட்டில் அடிபட்டு 108 ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டால் உனக்காகச் சொல்ல, நண்பர்களில் ஒருவருக்காவது மறைவிடத்து வளையம் பற்றித் தெரிந்திருக்கட்டும்.

இனி உன் மனசில் உள்ள பெரிய தடைக்கு வருகிறேன். ‘டாக்டர் திட்டுவார்.’ திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். புண்ணோடு வந்த பிள்ளையிடம் ஒழுக்கம் பேசுவது வைத்தியம் ஆகாது, அது அவர் தப்பு. ஆனால் அவர் பேச்சுக்குப் பயந்து நீ மறைத்தால் காது போவது உனக்குத்தான். சொல்லி முடி, மருந்தை வாங்கு, அடுத்த தடவை வேறு டாக்டரிடம் போ, அவரிடமும் முழுசாகச் சொல். ‘போலீஸ் கேஸ் ஆகிவிடும்’ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. 2024 டிசம்பரில் திருச்சியில், மருத்துவம் படிக்காமலே நாக்கைப் பிளந்து இரண்டாக்கும் அறுவையைச் செய்ததற்காக ஒரு டாட்டூ கடைக்காரரும் அவரோடு இருந்தவரும் கைதானார்கள். கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது. சட்டம் பாய்ந்தது கத்தி பிடித்தவர்மேல். அந்த அறுவையின் வீடியோ இன்ஸ்டாகிராமில் ஊர் முழுக்கப் பார்க்கக் கிடந்தது என்பதையும் யோசித்துப் பார். ஆயிரக்கணக்கான பேர் பார்க்கலாம் என்று வெளியிடுகிற ஒன்றை, வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

‘வீட்டுக்குத் தெரிந்துவிடும்’ என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்முடையது மாதிரி ஊரில் நர்ஸ் உன் சித்திக்குத் தோழியாக இருப்பார், மருந்துக்கடைக்காரர் அப்பாவுக்கு வேண்டியவராக இருப்பார். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள் நோயாளி சொன்னதை டாக்டர் வெளியே சொல்லக்கூடாது என்கின்றன. நீதிமன்ற உத்தரவு, பிறருக்குப் பெரிய ஆபத்து போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உன் சம்மதம் கேட்க வேண்டும், எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டிச் சிகிச்சை மறுக்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதினெட்டு நிறையாதவர் என்றால் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம் தேவைப்படும். அப்போது அம்மாவிடமாவது நீயே முந்திக்கொண்டு சொல்வது நல்லது. மற்றவர்கள், ‘கூட வந்தவங்க கொஞ்சம் வெளியே இருக்கட்டும் டாக்டர்’ என்று கேட்கலாம். பெண்பிள்ளைகள், ஆண் டாக்டர் பார்க்கும்போது ஒரு பெண் உடன் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இதெல்லாம் உரிமை. அதுவும் கூச்சம் என்றால், கொஞ்ச தூரம் கிழக்கே போனால் திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். உன்னைத் தெரியாத ஊரில் போய்க் காட்டு. இடத்தை மாற்றிக்கொள், சொல்ல வேண்டியதைக் குறைக்காதே.

‘எதற்கெடுத்தாலும் டாட்டூவையே குற்றம் சொல்வார்கள்’ என்பதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டெங்குக் காய்ச்சலோடு போனவரின் மூக்கு வளையத்தையே பார்த்துக்கொண்டிருப்பது கவனக்குறைவு. அதற்கும் மருந்து தேதிதான். ‘மூணு வருஷம் முன்னாடி குத்தினது, ஆறி ஒரு தொந்தரவும் இல்லை’ என்று சொல்லிவிட்டால், ஒழுங்கான டாக்டர் அதை ஒதுக்கிவிட்டு அடுத்த காரணத்தைத் தேடுவார். நீ மறைத்து, அவராகவே பரிசோதனையில் கண்டுபிடித்தால், நீ சொன்ன மற்றதெல்லாம் உண்மையா என்ற சந்தேகம் அவருக்கு வருவது இயல்பு.

ஆகவே குத்திய அன்றே தேதி, கடை, நகையின் உலோகம், தெரிந்தால் மையின் பெயர், எல்லாவற்றையும் போனில் குறித்து வை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று உன் பழைய அட்டையைப் பார். நாடு முழுக்க அரசுத் திட்டத்தில் அது சேர்ந்தது 2011-ல்தான். ஒருவருக்குக் குத்திய ஊசியாலேயே உனக்கும் குத்தினார்கள் என்று தெரிந்தால் காத்திருக்காதே: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ள 1097 என்ற எண் இருக்கிறது, கட்டணம் இல்லை. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது; பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை. போ மக்ளே, போய்ச் சொல்லு.

அன்புடன்.